எம்ஜிபி காரில் பெட்ரோல், கார்ப்பரேட்டர் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்காக எழுதியது இது. 1798 சி.சி. பி-சீரிஸ் என்ஜின், இரட்டை எஸ்.யு. கார்ப்பரேட்டர், வண்டியின் பின்பக்கம் மின்சாரத்தில் ஓடும் எஸ்.யு. பெட்ரோல் பம்ப். எழுபதுகளின் தொடக்கம் வரை வந்தவற்றில் ஹெச்.எஸ்.4 வகை, ஃப்ளோட் சேம்பர் (மிதவை வைத்துப் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் கிண்ணம்) தனியாகப் பக்கவாட்டில் இருக்கும். பிறகு வந்தவற்றில் ஹெச்.ஐ.எஃப்.4, ஃப்ளோட் கார்ப்பரேட்டரின் அடிப்பாகத்துக்குள்ளேயே இருக்கும். அமெரிக்காவுக்குப் போன பிற்கால வண்டிகளில் ஒற்றை ஸெனித்-ஸ்ட்ராம்பர்க். கீழே உள்ளது பெரும்பாலும் ஹெச்.எஸ்.4-ஐ மனதில் வைத்துச் சொல்வது. நம் ஊர் பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. என்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான், அதில் எஸ்.யு. கழற்றி மாட்டிய மெக்கானிக் யாராவது பழக்கமாக இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி திணறியதும் ஜெட்டுக்கு (பெட்ரோல் வெளிவரும் சிறு குழாய்) அடியில் இருக்கும் மிக்சர் நட்டில் (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் நட்) கை வைக்காதீர்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியில் அந்த நட் தானாகத் திரும்பியிருக்காது. "கார்ப்பரேட்டர் சரியில்லை" என்று என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு பம்பில், ஹோஸில், டேங்க் மூடியில், இல்லையென்றால் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கிறது. அதற்குள் உரிமையாளர் நட்டைத் திருகியிருப்பார். இப்போது ஒன்றுக்கு இரண்டு கோளாறு.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த என்ஜினில் கார்ப்பரேட்டர்களும் சைலன்சர் மேனிஃபோல்டும் (என்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாய்) ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒழுகும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பின் மேல்தான் விழும். பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்பை ஓடவிட்டுச் சோதிக்கும் வேளை தவிர பேட்டரி வயரும் கழன்றிருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு கார்ப்பரேட்டருக்கும் பின்னால் இருக்கும் ஹீட் ஷீல்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பழைய ஷீல்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஒட்டியிருக்கக்கூடும், அதைச் சுரண்டாதீர்கள், முழுதாக மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் கோளாறா, கரண்ட் கோளாறா?

ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அடங்கினால் எப்படி அடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெட்ரோல் வராமல் போனால் முதலில் இழுவை குறையும், ஓரிரு முறை உதறும், ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் கொஞ்சம் போகும், பிறகு நிற்கும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நிற்கும். அந்த நொடியில் ஆர்.பி.எம். மீட்டரைக் கவனித்திருந்தால் இன்னும் நல்லது: வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்க, கியரிலும் இருக்க, முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால் அது இக்னிஷன் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயின்ட் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனை), கண்டென்சர், ரோட்டர் மூன்றையும் பாருங்கள். புதிதாக வாங்கிப் போட்ட கண்டென்சர் என்பதால் அதைச் சந்தேகப்படாமல் இருக்காதீர்கள். இப்போது கிடைக்கும் மலிவான கண்டென்சர்களும் ரோட்டர்களும் சூடானதும் கைவிடுவது சர்வசாதாரணம்.

அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் பம்ப் சத்தமே இல்லை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

நல்ல பம்ப் சாவி போட்டதும் டக்டக்கென்று சில நொடி அடித்து, ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் நின்றுவிடும். ஐட்லிங்கில் எப்போதாவது ஒரு டக். இந்தச் சத்தத்தைக் காதில் பழக்கிக்கொண்டால் பாதிக் கோளாறை இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

சத்தமே இல்லையா? பம்ப் வலது பின்சக்கரத்துக்கு அருகே, பேட்டரிப் பெட்டியை ஒட்டி இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பம்பின் உடம்பில் மெதுவாகத் தட்டுங்கள். அடிக்கத் தொடங்கினால் உள்ளே இருக்கும் பாயின்ட் கரிந்திருக்கிறது. வீடு போய்ச் சேரலாம். ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு பம்பின் கருப்பு மூடியை எடுத்து, பாயின்ட்டுகளுக்கு நடுவே கெட்டியான வெள்ளைத்தாள் துண்டைச் செருகி இழுத்துத் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும்.

தட்டியும் அசையவில்லை என்றால் டெஸ்ட் லாம்ப் எடுங்கள். பம்புக்கு வரும் வெள்ளை வயரில் கரண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச் வரை வரும் கனெக்டர்களில் ஒன்று துருப்பிடித்திருக்கும். இந்த வெள்ளை வயர் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் வழியாக வராது, ஆகவே ஃபியூஸ் பெட்டியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெள்ளையில் கரண்ட் வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் கருப்பு எர்த் வயரைப் பாருங்கள். பாடியில் அது பிடித்திருக்கும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி மறுபடி முடுக்குங்கள். எர்த்தும் சரி என்றால் பம்ப் போய்விட்டது.

புது பம்ப் வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 1967 வரை வந்த எம்ஜிபி-க்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். பாயின்ட் வைத்த பம்ப் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஓடும். எலக்ட்ரானிக் பம்ப் மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும். உங்கள் வண்டியை முந்தைய உரிமையாளர் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் பேட்டரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அறிகுறி 2: பம்ப் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது

என்ஜின் ஓடாதபோதும் சத்தம் நிற்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று. டேங்கில் பெட்ரோல் இல்லை. மீட்டர் முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பாருங்கள். அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று எடுக்கிறது; பெரும்பாலும் வெடித்த ஹோஸ் அல்லது தளர்ந்த கிளிப். அல்லது பம்பைத் தாண்டி எங்கோ பெட்ரோல் வெளியே போகிறது. மூன்றாவதுதான் ஆபத்தானது. சாவியை உடனே அணைத்துவிட்டு மோந்து பார்த்துத் தேடுங்கள்: முதலில் கார்ப்பரேட்டர் பக்கம், பிறகு வண்டிக்கு அடியில் ஓடும் உலோகக் குழாய்.

அடியில் ஓடும் அந்தக் குழாய் அரித்துப்போயிருந்தால் அதற்கு மேல் ஹோஸைச் செருகி கிளிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். லிஃப்ட் இருக்கும் பணிமனைக்குக் கொடுத்து முழுக் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி 3: சாலையில் போகும்போது கொஞ்ச நேரத்தில் இழுவை குறைந்து நிற்கிறது, காத்திருந்தால் மறுபடி ஓடுகிறது

முதலில் டேங்க் மூடி. வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், உடனே வண்டி ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடினால், அதுதான் காரணம். பழைய வண்டிகளில் காற்று போக மூடியிலேயே வழி உண்டு. ஆவியைக் கரி டப்பாவுக்கு அனுப்பும் பிற்கால வண்டிகளில் மூடி இறுக்கமானது. இரண்டும் வாய்க்குப் பொருந்தும் என்பதால் மாறிப் போய்விடுகின்றன.

மூடி சரி என்றால் பெட்ரோல் அளவு. என்ஜின் ஆறியிருக்கும்போது கார்ப்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட்டு, இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் வர வேண்டும். வருகிற விதத்தையும் பாருங்கள்: குமிழி குமிழியாக வந்தால் காற்று எடுக்கிறது, முதலில் வேகமாக வந்து பிறகு மெலிந்தால் எங்கோ அடைப்பு. அடைப்பு எங்கே என்று பிரிக்க, பம்புக்குள் வரும் ஹோஸைக் கழற்றி வேறொரு கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்துப் பாருங்கள். அப்போது நன்றாக வந்தால் பம்ப் குற்றமற்றது, டேங்குக்குள் சிக்கல். கழற்றிய டேங்க் பக்கத்துக் குழாயை உடனே அடைத்துவையுங்கள்.

இந்த வண்டிகளின் டேங்க் அடியில் துருப்பிடிப்பதைவிட மேலே துருப்பிடிப்பதே அதிகம். டேங்குக்கும் டிக்கி தளத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஈரம் தேங்கி நிற்கிறது. அங்கே அரித்த துரு உள்ளே உதிர்ந்து பெட்ரோல் எடுக்கும் குழாயின் வலையில் போய் அடைக்கிறது. பம்புக்கு அப்பால் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் இது தீராது. டேங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் இருந்த டேங்கை வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. புது டேங்க் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். இந்தியாவில் இ20. இந்த எத்தனால் அந்தக் காலத்து ரப்பரைத் தின்றுவிடும். ஹோஸை வெளியே தொட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும். உள்சுவர் மட்டும் கரைந்து கருப்புத் துகளாகப் போய், ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வில் உட்காரும். ஒரு வெள்ளைத்துணியில் ஹோஸின் உள்ளே துடைத்துப் பாருங்கள், கருப்பாக வந்தால் எல்லா ஹோஸையும் ஒன்றாக மாற்றுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் கேளுங்கள். பிரிட்டனில் சூப்பர் பெட்ரோல் இன்னும் இ5 என்று விற்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு அதைப் போடுவதே நல்லது.

அறிகுறி 4: ஃப்ளோட் சேம்பரிலிருந்து பெட்ரோல் வழிகிறது

அடிக்கடி வரும் கோளாறு, எளிதில் தீரும் கோளாறும்கூட. நீடில் வால்வு மூடாததால் ஃப்ளோட் சேம்பர் நிறைந்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கீழே கொட்டுகிறது. வண்டியை ஓட்டாமல் சாவியை அணையுங்கள். ஃப்ளோட் சேம்பர் மூடியில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டு. மறுபடி சாவி போட்டு இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் தூசி சிக்கியிருந்தது. அடுத்த வாரமே மறுபடி வந்தால் ஹோஸ் கரைகிறது என்று பொருள். மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

நிற்கவில்லை என்றால் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் அது ஓட்டை. பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது. மாற்ற வேண்டியதுதான். ஃப்ளோட் நன்றாக இருந்தால் நீடிலின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு பள்ளமாகத் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. நீடிலையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்றுங்கள். பிறகு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் எடையில் வால்வு மூடியிருக்க, லீவருக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி 3 முதல் 5 மி.மீ. இருக்கிறதா என்று ஒரு டிரில் பிட்டைச் செருகிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து வழிந்தால் பம்பைப் பாருங்கள். எஸ்.யு. பம்ப் தருவது மூன்று பி.எஸ்.ஐ. அளவிலான அழுத்தம். வேறு வண்டிக்கான பொதுப் பம்பை யாராவது மாட்டியிருந்தால் அது இரண்டு மடங்குகூடத் தள்ளும். எந்த நீடில் வால்வும் அதைத் தாங்காது. பிரஷர் ரெகுலேட்டர் போடலாம், ஆனால் சரியான பம்பை வாங்கி மாட்டுவதையே நான் சொல்வேன்.

பல நாள் வழிந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அறிகுறி 5: கரும்புகை, பிளக் கரி, பெட்ரோல் வாசம்

சோக் முழுவதும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். எஸ்.யு.-வில் சோக் என்பது ஜெட்டைக் கீழே இழுப்பது. கேபிள் இறுகியிருந்தால், ஜெட் வழியில் சிக்கியிருந்தால், சோக் பட்டனை உள்ளே தள்ளியும் ஜெட் கீழேயே நிற்கும். ஆறிய என்ஜினில் இரண்டு ஜெட்டையும் அடியிலிருந்து விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். ஒன்று மட்டும் அசைந்து மேலே ஏறினால் அதுதான் குற்றவாளி. ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள், கேபிளுக்குச் சிறிது தளர்வு விடுங்கள்.

அதற்குப் பிறகு ஏர் ஃபில்டர். அதற்கும் பிறகு ஃப்ளோட் மட்டம். எல்லாம் சரியாக இருந்து, ஜெட்டும் அதற்குள் இறங்கும் நீடிலும் (ஃப்ளோட் சேம்பர் நீடில் அல்ல, பிஸ்டனில் தொங்கும் ஊசி) ஓவல் ஆகத் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

அறிகுறி 6: ஆக்சிலரேட்டர் மிதித்ததும் ஒரு தயக்கம், பிறகு பிக்கப்

டேஷ்பாட்டின் (கார்ப்பரேட்டரின் தலையில் இருக்கும் மணி போன்ற மூடி) மேலிருக்கும் டேம்பரைக் (பிஸ்டன் எழும் வேகத்தைத் தணிக்கும் தண்டு) கழற்றுங்கள். ஆயில் இருக்கிறதா? எஸ்.ஏ.இ. 20 ஆயில், உள்ளே இருக்கும் குழல்தண்டின் விளிம்புக்கு மேல் 13 மி.மீ. வரை. பத்தில் எட்டு வண்டியில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் டேஷ்பாட்டுக்குள் ஏறி இறங்கும் கார்ப்பரேட்டர் பிஸ்டனைச் சோதியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் முழுவதும் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி அடியில் டொக் என்று உட்கார வேண்டும். பாதியில் தயங்கினால் டேஷ்பாட்டைக் கழற்றி உட்சுவரையும் பிஸ்டனையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பக்கச்சுவரில் ஆயிலும் கூடாது. முன் கார்ப்பரேட்டர் பிஸ்டனைப் பின்னதில் மாட்டிவிடாதீர்கள், ஒவ்வொன்றும் அதனதன் டேஷ்பாட்டோடு ஜோடி சேர்த்துச் செய்தது. துடைத்த பிறகும் அடியில் டொக் சத்தம் வரவில்லை, ஆனால் ஜெட்டைக் கீழே இறக்கினால் மட்டும் வருகிறது என்றால் நீடில் ஜெட்டில் உரசுகிறது. நிலையான நீடில் இருக்கும் வண்டிகளில் ஜெட்டை நடுவாக்க வேண்டும். பிற்காலத்து ஸ்ப்ரிங் நீடிலுக்கு அந்த வேலை இல்லை.

ஸ்ட்ராம்பர்க் வைத்திருப்பவர்கள் இதே அறிகுறிக்கு முதலில் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 7: ஐட்லிங் நிலையாக இல்லை, ஏறி இறங்குகிறது அல்லது குறையவே மறுக்கிறது

பெரும்பாலும் எங்கோ காற்று எடுக்கிறது. மேனிஃபோல்டிலிருந்து போகும் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். பிரேக் சர்வோ (பிரேக் மிதிப்பை எளிதாக்கும் கருவி) இருந்தால் அதன் குழாயைச் சற்று நேரம் கிளாம்ப் போட்டு அடைத்துப் பாருங்கள். ஐட்லிங் மாறினால் கோளாறு அங்கே. மேனிஃபோல்ட் கேஸ்கட்டையும் கார்ப்பரேட்டர் அடிக் கேஸ்கட்டையும் சோதிக்கப் பலர் கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். இந்த என்ஜினில் சைலன்சர் மேனிஃபோல்ட் கீழே இருப்பதால் அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் ஸ்ப்ரே போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு சத்தம் மாறும்.

அடுத்து த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டைச் சுமக்கும் தண்டு. அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது, நீங்கள் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் ஐட்லிங் நிற்காது. உடம்பைத் துளையிட்டு புது புஷ் போடும் வேலை வீட்டில் ஆகாது, எஸ்.யு. வேலை மட்டுமே செய்யும் பட்டறைக்கு இரண்டு கார்ப்பரேட்டரையும் கழற்றி அனுப்புங்கள். செலவு அதிகம்தான். ஆனால் இதைச் செய்யாமல் மற்றதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

த்ராட்டில் தட்டில் சிறிய ஸ்ப்ரிங் வால்வு வைத்த கார்ப்பரேட்டராக இருந்தால் அந்த வால்வு சரியாக உட்காராமல் ஐட்லிங் உயர்ந்தே நிற்கலாம். வால்வு இல்லாத தட்டை மாட்டினால் தீரும்.

அறிகுறி 8: சூடாக ஓடி நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை

பெட்ரோல் போட நிறுத்தி, காசு கொடுத்துவிட்டு வந்து சாவி போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். மேனிஃபோல்டின் சூடு ஏறி ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதித்துவிட்டது. சோக் இழுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் பானட்டைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தத் தொல்லை கூடுதல். ஹீட் ஷீல்டு ஒழுங்காக இருக்கிறதா, பெட்ரோல் ஹோஸ் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால் சூட்டில் கண்டென்சர் கைவிடுகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இப்போதுதான் மிக்சர்

மேலே உள்ள எல்லாவற்றையும் கடந்து வந்தவர்களுக்கு மட்டும். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். முதலில் இரண்டு கார்ப்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று சமப்படுத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டரும் காற்று இழுக்கும் துவாரத்தருகிலும் வைத்து உஸ் சத்தத்தை ஒப்பிடலாம். பிறகு பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே கார்ப்பரேட்டரில் இருக்கும் லிஃப்டிங் பின்னைத் தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் மிக்சர் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். நட்டை மேலே திருப்புங்கள். உடனே உதறி விழுந்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு; நட்டைக் கீழே திருப்புங்கள். கணநேரம் ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு நேரத்தில் நட்டின் ஒரு பட்டை மட்டும், இரண்டிலும் மாறிமாறி, ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விட்டால் ஜெட்டை, பிஸ்டன் வந்து உட்காரும் மேடான பாலத்தோடு சமமாக ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கித் தொடங்குங்கள்.

கொஞ்சம் ஓட்டிவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் வந்தால் பானட்டை மூடலாம். ஐட்லிங்கில் பழுப்பு, வேகத்தில் மட்டும் வெளுப்பு அல்லது கரி என்றால் நீடில் அந்த என்ஜினுக்குப் பொருந்தவில்லை. கேம், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாற்றிய வண்டிகளில் இது வரும். நீடிலை அனுமானத்தில் மாற்றிப் பார்க்க வேண்டாம், ரோலிங் ரோடு (உருளைகளின் மேல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் கருவி) வைத்திருப்பவரிடம் அரை நாள் விட்டுவிடுங்கள். ஒன்று இரண்டு பிளக் மட்டும் வேறு நிறமாக இருந்து, சமப்படுத்தியும் மாறவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அது வால்வு வேலை, கார்ப்பரேட்டரை மாட்டி வைத்துவிடலாம்.